மாசம் பத்தாயிரம் ரூபா, 180 பேரு: பனியன் கம்பெனில என்ன ஆக்டிவிட்டி பண்றது?

வணக்கம் சகோதரி, உங்க லெட்டர நிதானமா படிச்சேன். மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால சுருக்கமா சொல்லிடறேன். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் யூனிட், மொத்தம் 180 பேரு, பாதிப்பேரு அவிநாசி, பல்லடம் பக்கத்து ஊருங்கள்லேர்ந்து கம்பெனி வேன்ல வர்றவங்க, மீதிப்பேரு ஒடிசா, பீகார், ஜார்கண்ட்லேர்ந்து வந்து ரூம் எடுத்து தங்கி வேலை பாக்கறவங்க. ஹெச்ஆர்னு அங்க நீங்க ஒரே ஆளு. "ஆளுங்க நிக்கவே மாட்டேங்கறாங்க, ஏதாவது ஆக்டிவிட்டி பண்ணும்மா, மாசம் பத்தாயிரம் வரைக்கும் செலவு பண்ணிக்க"ன்னு எம்டி சொல்லிட்டாரு. நீங்களும் மகளிர் தினத்துக்கு கேக் வெட்டி, மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன்னு எல்லாம் வெச்சிருக்கீங்க. பாதிப்பேரு ஓரமா நின்னு பாத்தாங்க, பீஸ் ரேட்டுல, அதாவது தைக்கற பீஸ் எண்ணிக்கைக்கு கூலி வாங்கற ஒரு டெய்லர் அக்கா நேராவே "இந்த அரை மணி நேரத்துக்கு எங்களுக்கு காசு யாரு குடுப்பாங்க கண்ணு"ன்னு கேட்டுட்டாங்க, உங்களுக்கு மனசு ஒடஞ்சு போச்சு. இப்ப கம்மி செலவுல பண்ற மாதிரி பத்து பதினஞ்சு கேம் லிஸ்ட் வேணும்னு கேக்கறீங்க.

லிஸ்ட் தர்றது பெரிய விஷயம் இல்லீங்க, ஆனா அத வெச்சுக்கிட்டு நீங்க மறுபடியும் அதே எடத்துல தான் வந்து நிப்பீங்க. அந்த அக்கா உங்கள அவமானப்படுத்தணும்னு கேக்கல, உங்க வேலைக்கு என்ன தேவையோ அத ஒரே வரில சொல்லிட்டாங்க. பீஸ் ரேட்டுல இருக்கறவங்களுக்கு அரை மணி நேரம்னா அது காசு, ஷிஃப்ட் சம்பளக்காரங்களுக்கு அது டீ டைம், வேன்ல போறவங்களுக்கு வீட்டுக்கு போய் சேர்ற நேரம். நீங்க எந்த விளையாட்டு வெச்சாலும் அது அவங்க நேரத்துலேர்ந்து எடுத்து அவங்களுக்கே குடுக்கற பரிசா இருந்தா யாருக்கும் சந்தோஷம் வராது. அதனால எம்டி கிட்ட நீங்க மொதல்ல கேக்க வேண்டியது பத்தாயிரம் ரூபா இல்ல, சம்பளத்தோட கூடின நேரம். மாசத்துக்கு ஒரு தடவ இருபது நிமிஷம் மெஷின நிறுத்திட்டு எல்லாரும் கூடறோம், அந்த இருபது நிமிஷத்துக்கு பீஸ் ரேட் ஆளுங்களுக்கு அவங்க சராசரி கூலிய போட்டு குடுத்துடறோம், இது தான் அடிப்படை.

கணக்கு பயந்துக்கற மாதிரி இல்ல. ஒரு உதாரணத்துக்கு உங்க கிட்ட 60 பீஸ் ரேட் டெய்லருங்க இருக்காங்க, ஆளுக்கு எட்டு மணி நேரத்துல சராசரியா 720 ரூபா எடுக்கறாங்கன்னு வெச்சுக்குவோம், மணிக்கு 90, இருபது நிமிஷத்துக்கு 30, அப்ப 60 பேருக்கும் சேத்து 1,800 ரூபா. உங்க பட்ஜெட்ல இன்னும் 8,200 மிச்சம் இருக்கு. உங்க யூனிட்டோட நிஜ நம்பர போட்டு இதே கணக்க ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, கூட்டம் போடறதுக்கு மொத நாளே நோட்டீஸ் போர்டுல "இந்த 20 நிமிஷத்துக்கு கூலி உண்டு"ன்னு தமிழ்லயும் ஹிந்திலயும் ஒடியாலயும் ஒட்டிடுங்க. அந்த ஒரு பேப்பருக்கு இருக்கற மதிப்பு எந்த பலூனுக்கும் கெடையாது.

சரி, அந்த இருபது நிமிஷத்துல என்ன பண்றது? மொத மாசம் விளையாட்டே வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். மொத மாசம் கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு லைன்னு (வரிசையா மெஷின் போட்டு தைக்கற குழு) எடுத்துக்கிட்டு டீ டைம்ல போய் அவங்களோட நின்னு டீ குடிச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி, "இந்த வாரம் வேலைல உங்களுக்கு எரிச்சலா இருந்த விஷயம் ஒன்னு சொல்லுங்கக்கா", அவ்வளவு தான். சஜஷன் பாக்ஸ் வெக்காதீங்க, பொதுவா அத சிசிடிவி பாக்கற எடத்துல தான் மாட்டி வெப்பாங்க, அதுல யாரும் எதுவும் போட மாட்டாங்க, நம்ம ஆளுங்கள்ல எழுத கூச்சப்படறவங்க நெறைய பேரு, ஹிந்தி ஒடியா ஆளுங்க எழுதிப்போட்டா படிக்க உங்க கிட்ட ஆளு இருக்கணும். நேர்ல கேளுங்க, பக்கத்துல சூப்பர்வைசர் இல்லாம கேளுங்க, பாஷை தெரிஞ்ச ஒரு ஆள கூட வெச்சுக்கங்க, அவரு அந்த லைன் ஆளா இல்லாம பாத்துக்கங்க.

என்னல்லாம் வரும்னு எனக்கு ஓரளவு தெரியும். பாத்ரூம் தாப்பா சரியில்ல, அயர்னிங் டேபிள் பக்கம் ஃபேன் சுத்தல, தண்ணி கேன் பதினோரு மணிக்கே காலி ஆயிடுது, கட்டிங்லேர்ந்து பீஸ் வராம ஓவர்லாக் டெய்லர் சும்மா உக்காந்திருக்க வேண்டியிருக்கு அந்த நேரத்துக்கு கூலி போயிடுது, சம்பள சீட்டுல என்ன கழிச்சிருக்காங்கன்னே புரியல. இதெல்லாம் தான் வரும். இதுல பாதிய 500 ரூபாக்குள்ள சரி பண்ணிடலாம், தாப்பாளுக்கு என்ன பெரிய செலவு? கால்வாசி விஷயத்துக்கு புரொடக்ஷன் மேனேஜர் மனசு வெக்கணும். மீதி ஒடனே முடியாத விஷயமா இருக்கும்.

முக்கியமான வேலை இதுக்கு அப்புறம் தான் இருக்கு. நுழையற எடத்துல ஒரு வெள்ளை போர்டு, அதுல நாலு கட்டம், என்ன கேட்டாங்க, என்ன பண்ணோம், யாரு பொறுப்பு, என்னைக்குள்ள. முடியாதுன்னா முடியாதுன்னே எழுதுங்க, ஏன்னு காரணத்தையும் எழுதுங்க. "ஏசி கேட்டிருக்காங்க, இந்த வருஷம் முடியாது, அதுக்கு பதிலா அயர்னிங் பக்கம் ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் 20ந் தேதிக்குள்ள" இப்படி. கேட்டதுக்கு பதிலே இல்லாம கெடக்கறது தான் ஆளுங்கள கசப்பாக்கும், முடியாதுன்னு மரியாதையா சொன்னா பெரும்பாலும் ஏத்துக்குவாங்க.

இது நான் சும்மா அனுபவத்துல சொல்றது மட்டும் இல்ல. அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல ஹாதார்ன்னு ஒரு பெரிய ஃபேக்டரி, டெலிஃபோன் சாமான் செய்யற எடம், அங்க 1924லேர்ந்து 1932 வரைக்கும் தொடர்ச்சியா ஆராய்ச்சி பண்ணாங்க. வெளிச்சத்த கூட்டினா உற்பத்தி கூடுமான்னு ஆரம்பிச்சு, கடைசில 1928லேர்ந்து இருபதாயிரத்துக்கும் மேல தொழிலாளிங்க கிட்ட உக்காந்து பேச வேண்டிய நெலமைக்கு வந்தாங்க, ஏன்னா வெளிச்சத்த விட மனுஷங்க சொல்றத கேக்கறதுல தான் விஷயம் இருக்குன்னு அவங்களுக்கு தோண ஆரம்பிச்சுது. அது ரொம்ப பழசு, அந்த ஆராய்ச்சி மேல பின்னாடி நெறைய விமர்சனமும் வந்துச்சு. ஆனா நம்ம நாட்டுலயே, நம்ம தொழில்லயே, சமீபத்துல பாத்திருக்காங்க. ஒரு பெரிய கார்மென்ட்ஸ் கம்பெனில சம்பள உயர்வு எதிர்பாத்த அளவுக்கு வரல, எல்லாரும் ஏமாந்து போய் இருக்காங்க, அந்த சமயத்துல ஆளுங்கள்ல கொஞ்சப்பேர குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து, பேரு போடாம அவங்க கருத்த சொல்ல ஒரு சர்வே குடுத்தாங்க. சம்பளம் அதே தான், ஒரு பைசா கூடல. ஆனா அந்த சர்வேல பேச வாய்ப்பு கெடச்சவங்க வேலைய விட்டு போறது மத்தவங்கள விட குறைஞ்சுது, அதுலயும் ரொம்ப ஏமாந்து போனவங்க கிட்ட தான் அந்த வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது. உங்க எம்டிக்கு இத சொல்லுங்க, செலவே இல்லாத ஆக்டிவிட்டி இத விட வேற என்ன இருக்கு.

ஒரு எச்சரிக்கை மட்டும். கேக்கும்போது சில விஷயம் போர்டுல எழுதற மாதிரி இருக்காது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசறாரு, மேல கை வெக்கறாரு, ராத்திரி ஃபோன் பண்றாருன்னு யாராச்சும் சொன்னா அது ஆக்டிவிட்டி கிட்ட வர்ற விஷயம் இல்ல, ஒடனே தனியா கையாளணும். பாலியல் தொல்லைன்னா 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்த எடத்துலயும் உள் புகார் கமிட்டி இருந்தே ஆகணும், உங்க யூனிட்ல அது பேப்பர்ல மட்டும் இருக்கா, அதுல யாரு இருக்காங்கன்னு செக்கிங் அக்காங்களுக்கு தெரியுமான்னு மொத வாரமே பாத்துடுங்க. இது சரியில்லாத எடத்துல கோலப்போட்டி நடத்தறது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

இப்ப சந்தோஷமான விஷயத்துக்கு வர்றேன். உங்க கிட்ட ரெண்டு மூணு ஊரு ஆளுங்க இருக்கறத நீங்க லெட்டர்ல ஒரு பிரச்சனையா எழுதியிருக்கீங்க, "ஒட்டவே மாட்டேங்கறாங்க, சாப்பிடும்போது கூட தனித்தனியா உக்காருறாங்க"ன்னு. எனக்கு அது தான் உங்க பெரிய சொத்தா தெரியுது. நம்ம கம்பெனிங்கள்ல ஆயுத பூஜை எப்படி நடக்கும்னு உங்களுக்கு தெரியும், மெஷின தொடச்சு சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை, சுண்டல், பூசணிக்காய், அன்னைக்கு இருக்கற சந்தோஷம் வருஷத்துல வேற எந்த நாளும் இருக்காது. வடக்கேர்ந்து வர்றவங்களுக்கும் அதே மாதிரி ஒரு நாள் இருக்குங்க, விஸ்வகர்மா பூஜை, பெரும்பாலும் செப்டம்பர் 17ந் தேதி வரும், ஒடிசா, பீகார், ஜார்கண்ட், வங்காளம் எல்லா எடத்துலயும் ஃபேக்டரில, ஒர்க்ஷாப்ல மெஷினுக்கும் டூல்ஸுக்கும் பூஜை போடுவாங்க. நம்ம ஆயுத பூஜைக்கு கொஞ்சம் முன்னாடியே வந்துடும். அதுவும் மெஷினுக்கு பூஜை, இதுவும் மெஷினுக்கு பூஜை. இந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைய அவங்க கையில குடுத்துடுங்க, படம் வாங்க, பூ, பிரசாதம்னு 2,500 ரூபா குடுத்து "நீங்களே நடத்துங்க, எங்கள கூப்புடுங்க"ன்னு சொல்லுங்க, நம்ம ஊரு அக்காங்க விருந்தாளியா போவாங்க. அடுத்து வர்ற ஆயுத பூஜைக்கு நம்மாளுங்க நடத்தி அவங்கள கூப்புடட்டும். அதே மாதிரி ஜூன் நடுவுல ஒடிசாக்காரங்களுக்கு ரஜ பண்டிகை, பொண்ணுங்களுக்கான பண்டிகை அது, ஊஞ்சல் கட்டுவாங்க, போட பீட்டான்னு அரிசி, தேங்கா, வெல்லம் போட்டு ஒரு பலகாரம் செய்வாங்க. அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு எடத்துல அதுல ஆளுக்கு ஒரு துண்டு வந்தா போதும். முஸ்லிம், கிறிஸ்தவ ஆளுங்க இருந்தா அவங்க நாளையும் சேத்துக்கங்க, சாமி கும்புடறத யாருக்கும் கட்டாயமாக்காதீங்க, சாப்பாட்டுல மட்டும் எல்லாரும் சேரட்டும்.

இதுல முக்கியம் நடத்தறது நீங்களா இருக்கக்கூடாதுங்கறது தான். நீங்க நடத்தினா அது கம்பெனி ஃபங்ஷன், அவங்க நடத்தினா அது அவங்க வீட்டு விசேஷம்.

அடுத்தது பாட்டு. பனியன் கம்பெனில நாள் பூரா ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிக்கிட்டே இருக்குமே, அத யாரு போடறாங்க உங்க யூனிட்ல? பொதுவா சூப்பர்வைசரோ ஆஃபீஸ் பையனோ அவனுக்கு புடிச்சத போடுவான், வேற பாஷை ஆளுங்க பத்து மணி நேரம் புரியாத பாட்டையே கேட்டுக்கிட்டு தைப்பாங்க. லைன் லைனா முறை வெச்சு விடுங்க, இன்னைக்கு காலைல மூணாவது லைன் சொல்ற பாட்டு, மத்தியானம் செக்கிங், நாளைக்கு போஜ்புரி, அடுத்த நாள் ஒடியா. ஒரு பைசா செலவு இல்ல. பாட்டுக்காக சண்டை கூட வரும், வரட்டும், அந்த சண்டைல தான் ஒருத்தர் பேரு ஒருத்தருக்கு தெரியும்.

பேருன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நெறைய யூனிட்ல அவங்க எல்லாருக்கும் "ஹிந்திக்காரன்"னு ஒரே பேரு தான், ஒடிசாக்காரனுக்கும் அதே பேரு தான். சூப்பர்வைசருங்க அவங்கவங்க லைன்ல இருக்கற எல்லார் பேரையும் சொல்லத்தெரிஞ்சிருக்கணும்னு ஒரு மாசம் டைம் குடுங்க. கூடவே தினம் ஒரு வார்த்தை போர்டுல, மூணு பாஷைல, நம்ம எழுத்துலயும் அவங்க எழுத்துலயும். ஊசி ஒடஞ்சுருச்சு, நூல் தீந்துருச்சு, தல வலிக்குது, கொஞ்சம் நகருங்க, இந்த மாதிரி வேலைக்கு ஆகற வார்த்தைங்களா எடுங்க. நம்ம ஊரு அக்கா ஒருத்தங்க "சூயி டூட் கயா"ன்னு தப்பா சொல்ல, பக்கத்து மெஷின் பொண்ணு சிரிச்சுக்கிட்டே "கயி"ன்னு திருத்திக்குடுக்கும், அதுக்கு மேல நீங்க ஐஸ் பிரேக்கர் கேம் எதுவும் தேட வேண்டியதில்ல.

இந்த மொத்த விஷயத்துலயும் எனக்கு ரொம்ப புடிச்சது, நான் எந்த யூனிட்டுக்கு போனாலும் மொதல்ல சொல்றது ஒன்னு இருக்கு, கைமடிங்களுக்கு, அதாவது டெய்லருக்கு கைவேலை செஞ்சு குடுக்கற உதவி ஆளுங்களுக்கு, தையல் கத்துக்குடுக்கறது. கைமடியா, ஹெல்பரா, பிசிர் வெட்டற ஆளா வர்ற பொண்ணுங்க அதே எடத்துலயே வருஷக்கணக்கா நிக்கறாங்க, டெய்லர் ஆகணும்னு ஆசை இருக்கும், மெஷின தொட விட மாட்டாங்க, "பீஸ் கெட்டுப்போயிடும்"னு திட்டு விழும். அப்ப அவங்க என்ன பண்ணுவாங்க, ஐம்பது ரூபா கூட குடுக்கற பக்கத்து கம்பெனிக்கு அதே கைமடி வேலைக்கு போயிடுவாங்க. உங்க கிட்ட ரிப்பேருக்கு ஒதுக்கி வெச்ச பழைய மெஷின் ஒன்னு ரெண்டு இருக்கும், கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா இருக்கும், வாரத்துல ரெண்டு நாள் வேலை நேரத்துலயே அரை மணி நேரம் ஒதுக்கி நாலு நாலு பேரா ஒரு அனுபவப்பட்ட டெய்லர் அக்கா கிட்ட ஒப்படைங்க. மொதல்ல காகிதத்துல நூல் இல்லாம கோடு மேல ஓட்டட்டும், அப்புறம் வேஸ்ட் துணில, அப்புறம் கழுத்து பட்டி. கத்துக்குடுக்கற அக்காவுக்கு அந்த நேரத்துக்கு கூலி, அதுக்கு மேல ஒரு பொண்ணு லைன்ல உக்கார்ற அளவுக்கு தேறினா 500 ரூபா, அத மாச கூட்டத்துல எல்லார் முன்னாடியும் குடுங்க.

பெங்களூர்ல ஒரு ஏற்றுமதி கம்பெனி ஃபேக்டரிங்கள்ல கார்மென்ட்ஸ் பொண்ணுங்களுக்கு தையல் கூட இல்ல, எப்படி பேசறது, நேரத்த எப்படி திட்டம் போடறது, காச எப்படி கையாளறதுங்கற மாதிரி பயிற்சி குடுத்து பொருளாதார ஆராய்ச்சியாளருங்க அளந்து பாத்தாங்க, பயிற்சி எடுத்தவங்க உற்பத்தி 13.5 சதவீதம் வரைக்கும் கூடியிருந்துச்சு, கம்பெனி போட்ட காசுக்கு பல மடங்கு திரும்பி வந்துச்சு. எம்டி கண்டிப்பா ஒன்னு கேப்பாரு, "கத்துக்கிட்டு பக்கத்து கம்பெனிக்கு போயிட்டா?" போவாங்க தான், தேறின அன்னைக்கே டெய்லர் ரேட்டு குடுக்காம கைமடி ரேட்டுலயே உக்கார வெச்சு தைக்க சொன்னா கண்டிப்பா போவாங்க. கத்துக்குடுத்தா ரேட்ட ஏத்தணும், அதுக்கு எம்டி சரின்னு சொன்னா மட்டும் ஆரம்பிங்க, இல்லன்னா ஆசை காட்டி ஏமாத்தின மாதிரி ஆயிடும்.

பொறந்தநாள் கொண்டாடலாமான்னு கேட்டிருந்தீங்க. ஆதார் தேதிய வெச்சு பண்ணாதீங்க, லிஸ்ட எடுத்துப்பாருங்க, ஜனவரி 1ந் தேதி பொறந்தவங்க வரிசையா இருப்பாங்க, சரியான தேதி தெரியாததால யாரோ அப்படி போட்டு விட்டது, அந்த தேதிய சொல்லி வாழ்த்தினா அவங்களுக்கு ஒன்னும் தோணாது. அதுக்கு பதிலா கம்பெனில சேந்த நாள எடுத்துக்கங்க, ஒரு வருஷம் முடிச்சவங்க, அஞ்சு வருஷம் முடிச்சவங்க, மாச கூட்டத்துல பேர சொல்லி கூப்புட்டு கூடவே வேலை பாக்கற ஒருத்தர விட்டு அவங்கள பத்தி ரெண்டு வார்த்தை பேச சொல்லுங்க. பாராட்டும் அப்படித்தான், எம்ப்ளாயி ஆஃப் தி மந்த்னு ஃபோட்டோ மாட்டறத நான் ஆதரிக்கறதில்ல, மூணே மாசத்துல "எல்லாம் சூப்பர்வைசருக்கு வேண்டியவங்க"ன்னு பேச்சு வந்துடும். நடந்தத நடந்தபடி சொல்லுங்க, "போன வாரம் சைஸ் லேபிள் மாறி வந்தத பேக்கிங்ல நம்ம ஆளு புடிச்சுட்டாரு, இல்லன்னா மொத்த கார்ட்டனையும் பிரிச்சிருக்கணும்", அவ்வளவு போதும், எல்லாருக்கும் அது உண்மைன்னு தெரியும். முடிஞ்சா வெளிநாட்டு ஆர்டர பாத்துக்கற மெர்ச்சன்டைசர விட்டு இந்த பீஸ் எந்த ஊருக்கு போகுது, எந்த கடைல தொங்கும்னு ஃபோன்ல படம் காட்ட சொல்லுங்க, அங்க என்ன வெலைக்கு விக்கறாங்கன்னு கேப்பாங்க, மழுப்பாம நூல், டையிங், கப்பல், வரி, கடை வாடகைன்னு பிரிச்சு சொல்ல ஆளு ரெடியா இருக்கணும், அந்த தைரியம் இல்லன்னா அத ஆரம்பிக்காதீங்க.

சனிக்கெழம ஒரு மணி நேரம் பேப்பர் வேலை டேபிள்னு ஒன்னு போடுங்க. இத ஆக்டிவிட்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஆளுங்க மனசுல உங்கள பத்தி இருக்கற எண்ணமே இதுல மாறிடும். பிஎஃப் கணக்கோட யூஏஎன் நம்பர் ஆக்டிவேட் பண்றது, ஆதார்ல ஒரு மாதிரி பேங்க்ல ஒரு மாதிரி பேரு இருக்கறத திருத்தறது, ஈஎஸ்ஐ கார்டுல குடும்பத்த சேக்கறது, இதுக்கெல்லாம் வெளில பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்து அலையறாங்க. அப்புறம் ட்ரெயின் டிக்கெட். தீபாவளி முடிஞ்சு ஆறாவது நாள் சட் பூஜை, பீகார் ஜார்கண்ட் ஆளுங்களுக்கு அத விட பெரிய நாள் கெடையாது, நம்ம ஊருக்கு இருக்கற நேரடி வண்டிங்கள்ல ஒன்னு ஆலப்புழா தன்பாத் எக்ஸ்பிரஸ், அதுல எடம் புடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். 2024 நவம்பர்லேர்ந்து முன்பதிவு 60 நாள் முன்னாடி தான் தொறக்குது, அதனால அந்த தேதிய காலண்டர்ல குறிச்சு வெச்சு போர்டுல எழுதுங்க, அவங்கவங்க ஐஆர்சிடிசி ஐடிய ஆதாரோட இணைச்சு அவங்க ஃபோன்லயே போட கத்துக்குடுங்க, உங்க ஐடில எல்லாருக்கும் போட்டுக்குடுக்கற வேலை வேண்டாம், ஒரு ஐடிக்கு மாசத்துக்கு இத்தன டிக்கெட் தான்னு வரம்பு இருக்கு. போறதுக்கு மட்டும் இல்ல, திரும்பி வர்ற டிக்கெட்டும் அன்னைக்கே பேசிடுங்க. போகும்போது "நீ எப்ப வருவியோ"ன்னு சலிச்சுக்கறதுக்கு பதிலா "இந்த தேதிக்கு வாப்பா, உன் மெஷின் உனக்கு தான்"னு சொல்லி அனுப்பறது வேற. தீபாவளி போனஸ மட்டும் தயவுசெஞ்சு ஆக்டிவிட்டி கணக்குல காட்டாதீங்க, 8.33 சதவீதங்கறது சட்டம் சொல்ற குறைஞ்சபட்சம், தொழிலாளிக்கு அது தெரியும்.

புதுசா சேர்றவங்கள பத்தி நீங்க எதுவுமே எழுதல, ஆனா ஓடிப்போறவங்கள்ல பாதிக்கு மேல மொத மாசத்துலயே போறவங்களா தான் இருப்பாங்க, உங்க ரெஜிஸ்டர எடுத்து எண்ணிப்பாருங்க. மொத நாள் வந்தவங்களுக்கு பாத்ரூம் எங்கன்னு தெரியாது, யார் கூட உக்காந்து சாப்பிடறதுன்னு தெரியாது, பீஸ் எப்படி எண்ணறாங்கன்னு தெரியாது. அதே பாஷை பேசற ஒரு ஆள ஒரு வாரத்துக்கு துணையா போடுங்க, அந்த புது ஆளு ஒரு மாசம் நின்னா துணை இருந்தவருக்கு 200 ரூபா. இது ஒன்னு மட்டும் பண்ணினாலே வித்தியாசம் தெரியும்.

பண்ண வேண்டாம்னு சில விஷயம். கட்டாயப்படுத்தி ஆட வெக்கறது, பொண்ணுங்க ஃபோட்டோவ கேக்காம கம்பெனி பேஜ்ல போடறது, எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியற மாதிரி வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பிக்கறது, இதுல கடைசில சொன்னது ரொம்ப ஆபத்து, அன்னைக்கு ராத்திரியே ஏதாவது ஒரு பொண்ணுக்கு மெசேஜ் போகும். அறிவிப்பு மட்டும் போடற மாதிரி, நம்பர் யாருக்கும் தெரியாத மாதிரி வெச்சுக்கங்க. அடுத்த மகளிர் தினத்துக்கு கேக்குக்கு ஒதுக்கற காச பாத்ரூம்ல நாப்கினுக்கும் மூடி போட்ட டஸ்ட் பின்னுக்கும் மாத்தி விடுங்க, அதையும் அன்னைக்கு ஒரு நாளோட நிறுத்தாம மாசா மாசம் பண்ணுங்க.

விளையாட்டே வேண்டாம்னு நான் சொல்லல. மூணாவது மாசத்துலேர்ந்து கூட்டத்தோட கடைசி பத்து நிமிஷம் விளையாடுங்க, ஆனா தனி ஆளுக்கு பரிசு இருக்கறத குறைச்சுடுங்க, எப்பவும் அதே மூணு பேரு தான் ஜெயிப்பாங்க. லைனுக்கு லைன் போட்டி நல்லா இருக்கும், கண்ண கட்டிக்கிட்டு தடவிப்பாத்து இது எந்த துணின்னு சொல்றது, சிங்கிள் ஜெர்சியா, ரிப்பா, இன்டர்லாக்கா, ஃபிளீஸான்னு, இதுல கட்டிங் மாஸ்டரையே ஒரு கைமடி பொண்ணு தோக்கடிக்கும் பாருங்க. வேஸ்ட் துணில பத்து நிமிஷத்துல ஒரு பொம்மை, நாலு ஸ்டேட் பாட்டுல ஆரம்பிக்கற அந்தாக்ஷரி, நூல் சுத்தியிருந்த பழைய கோன்ல ரிங் எறியறது, எல்லாமே உள்ள இருக்கற பொருள் தான். பரிசுக்கு கோப்பை வேண்டாம், ஜெயிச்ச லைனுக்கு அன்னைக்கு சாயங்காலம் டீயோட பப்ஸ்.

எம்டி கிட்ட எப்படி பேசறதுன்னு தயங்கறீங்க. மூணு நம்பரோட போங்க. போன ஆறு மாசத்துல எத்தன பேரு சேந்தாங்க, அதுல முப்பது நாளுக்குள்ள எத்தன பேரு போனாங்க, திங்கக்கெழம சராசரியா எத்தன பேரு வரல. ஒரு டெய்லர் போனா அந்த மெஷின் எத்தன நாள் காலியா கெடக்கு, புது ஆளு பழைய வேகத்துக்கு வர எத்தன வாரம் ஆகுது, ஆள் கொண்டு வர்ற ஏஜென்ட்டுக்கு ஆளுக்கு எவ்வளவு குடுக்கறோம், இத புரொடக்ஷன் மேனேஜர் கிட்ட கேட்டு ரூபாயா மாத்தி எழுதிக்கங்க. அந்த கணக்க பாத்தா மாசம் பத்தாயிரங்கறது ஒரு ரெண்டு ஆளு போகாம இருந்தாலே திரும்பி வந்துடற காசுன்னு அவருக்கே தெரியும். அதே மூணு நம்பர மாசா மாசம் குறிச்சுக்கிட்டு வாங்க, ஆறு மாசம் கழிச்சு எது வேலை செஞ்சுது எது செய்யலன்னு அதுவே சொல்லும். மொத மாசத்துக்கு அவர் கிட்ட கேக்க வேண்டியது கூட்டத்துக்கு 1,800, போர்டும் மார்க்கரும் 1,200, தாப்பா, ஃபேன், தண்ணி மாதிரி ஒடனே சரி பண்றதுக்கு 4,000, மீதி 3,000ம் துணை ஆளுங்களுக்கும் தையல் சொல்லிக்குடுக்கற அக்காங்களுக்கும். பில்ல பத்திரமா வெச்சுக்கங்க, அந்த போர்டுலயே ஒரு ஓரத்துல செலவு கணக்கையும் எழுதிடுங்க.